செயலாளரின் ஆண்டறிக்கை: அரம் பிடிக்கப் போன பிள்ளைகள்

தலைவர் அவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். தை மாதமே கூடியிருக்க வேண்டிய நம் சங்கப் பொதுக்குழு, சம்பா அறுவடையால் பங்குனிக்குத் தள்ளிப்போனது. போன வருஷம் அறுவடை மிஷின் ஓட்டும் உறுப்பினர்கள் இல்லாமல் நடத்திவிட்டு நான் வாங்கிக் கட்டிக்கொண்டது எல்லோருக்கும் நினைவிருக்கும்.

நிர்வாகக் குழு மாதாமாதம் கூடியது. வரவு செலவைப் பொருளாளர் வாசிப்பார். நிறுவனங்களில் வேலை பழகும் அப்ரெண்டிஸ் பயிற்சிக்கு நாம் அனுப்பிய பிள்ளைகளைப் பற்றித்தான் நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

கும்பகோணம் வட்டாரத்திலிருந்து ஒன்பது பேரை அனுப்பினோம். பெரும்பாலும் திருச்சிப் பக்கம்தான். மூன்று பேர் பாதியில் திரும்பினார்கள். ஒருவர் இப்போது டாட்டா ஏஸ் ஓட்டுகிறார், நன்றாகவே ஓட்டுகிறார். அதைத் தோல்விக் கணக்கில் எழுத எனக்கு மனமில்லை.

இரண்டாமவர் டிப்ளமோ மெக்கானிக்கல் முடித்தவர். தீபாவளி லீவுக்கு வந்தவர், திரும்பப் போக மாட்டேன் என்று உட்கார்ந்துவிட்டார். வீட்டுக்குப் போனேன். "டிப்ளமோ படிச்ச புள்ளைய இரும்பு தேய்க்கச் சொல்றாங்கண்ணே" என்றார் அவருடைய அம்மா. தம்பி தலையே நிமிரவில்லை.

எனக்குச் சிரிப்புத்தான் வந்தது. 1983-ல் நான் திருச்சி பொன்மலை ரயில்வே பணிமனையில் ஃபிட்டர் அப்ரெண்டிஸாகச் சேர்ந்தபோது இதே கதைதான். வைஸ் என்ற இடுக்கிப் பிடியில் ஒரு இரும்புக் கட்டை, கையில் அரம், வாரக்கணக்கில் அதே வேலை. சர்ஃபேஸ் பிளேட் என்ற சமதளப் பலகையில் நீலச் சாயம் தடவி, கட்டையை அதன்மேல் வைத்துத் தேய்த்து எடுப்பார் வாத்தியார். மேடு இருக்கும் இடத்தில் நீலம் ஒட்டும். அந்த இடத்தை மட்டும் மறுபடி ராவ வேண்டும். அப்புறம் மூலைமட்டத்தை வைத்து வெளிச்சத்துக்கு நேரே பிடிப்பார். இடுக்கில் கோடாக வெளிச்சம் தெரிந்தால் அன்றைய வேலை போச்சு. வெர்னியர் என்ற நுண் அளவுகோலில் 0.02 மில்லிமீட்டர் என்று படிக்க யாருக்கும் ஒரு நாள் போதும். அது எவ்வளவு என்று கைக்குப் புரியத்தான் அத்தனை வாரம். இதை அந்தத் தம்பியிடம் சொன்னேன். உடனே கிளம்பினார் என்று சொல்ல ஆசை. பத்து நாள் கழித்துத்தான் கிளம்பினார். இப்போது அளவு சரிபார்க்கும் பிரிவில் இருக்கிறார்.

மூன்றாமவர் விஷயத்தில் தவறு நம்முடையதும்தான். அவர் சேர்ந்த நிறுவனம் பயிற்சி ஒப்பந்தத்தை அரசின் அப்ரெண்டிஸ் இணையதளத்தில் பதிவு செய்யவே இல்லை. எட்டு மாதம் உழைத்தார். பதிவு இல்லாததால் அந்த எட்டு மாதமும் சான்றிதழ் கணக்கில் சேரவில்லை. சேர்ந்த முதல் மாதமே பதிவு எண்ணைக் கேட்டு வாங்கியிருக்க வேண்டும். நான் கேட்கவில்லை. இனி எண் வந்த பிறகுதான் நம் நோட்டில் பெயர் ஏறும்.

இன்னொன்றையும் பெற்றோரிடம் பக்குவமாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. பயிற்சி முடிந்தால் அங்கேயே பெர்மனென்ட் என்று யாரோ கிளப்பிவிடுகிறார்கள். 1961-ம் வருஷத்து அப்ரெண்டிஸ் சட்டப்படி அப்ரெண்டிஸ் பயிற்சி பெறுபவர்தான், தொழிலாளி அல்ல; வேலை கொடுத்தே ஆக வேண்டும் என்றும் சட்டம் சொல்லவில்லை. கிடைப்பது உதவித்தொகை. 2019-ல் விதியைத் திருத்தியபோது குறைந்தபட்சம் ஐ.டி.ஐ. முடித்தவருக்கு மாதம் 7,000 ரூபாய், டிப்ளமோவுக்கு 8,000, பட்டதாரிக்கு 9,000 என்று வைத்தார்கள். திருச்சியில் அறை வாடகையும் சாப்பாட்டுச் செலவும் போனால் மிச்சம் என்ன என்று கேட்கிறார்கள். நியாயமான கேள்வி.

ஆனாலும் முடித்தவனுக்குக் கதவுகள் இருக்கின்றன. ரயில்வேயின் லெவல் 1 என்ற அடிநிலைப் பணியிடங்களில் 20 சதவீதம் ரயில்வேயிலேயே அப்ரெண்டிஸ் முடித்தவர்களுக்கு. இரண்டு வருஷ ஐ.டி.ஐ. படித்தவர் டிப்ளமோவில் நேரே இரண்டாம் ஆண்டு சேரலாம். டிப்ளமோ முடித்தவர் பி.இ.யிலும் அப்படியே. நம் உறுப்பினர் ஒருவர் ஃபிட்டராகத் தொடங்கி இந்த வழியாகவே எஞ்சினியர் ஆனார். பதினொரு வருஷம் பிடித்தது. அந்தப் பதினொன்றையும் மறைக்காமல் பிள்ளைகளிடம் சொல்லச் சொல்லி அவரைக் கேட்டிருக்கிறேன்.

எல்லோரையும் திருச்சிக்கே பஸ் ஏற்ற வேண்டுமா என்ற கேள்வி குழுவில் வந்தது. 2020-ல் டெல்டா பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலம் ஆனது, சில வகைப் பெரிய ஆலைகளுக்கு இங்கே இடமில்லை; அதில் எனக்கு வருத்தம் இல்லை, சந்தோஷம்தான். ஆனால் மோட்டார் காயில் கட்டும் கடை, நவீன அரிசி ஆலை, அறுவடை மிஷின் பட்டறை, நாச்சியார்கோவில் விளக்குப் பட்டறை எல்லாம் இங்கேதானே இருக்கின்றன? 30 பேரோ அதற்கு மேலோ வேலை பார்க்கும் இடத்தில் அப்ரெண்டிஸ் வைப்பது கட்டாயம். 4 பேர் இருந்தாலே விரும்பினால் வைக்கலாம் என்று விதி இடம் கொடுக்கிறது. காவிரி வண்டலில் அச்சு எடுத்துச் சிலை வார்க்கும் சுவாமிமலையில் பக்கத்தில் நின்று பழகுவதுதான் காலங்காலமாக முறை; நமக்கு இது புதிதில்லை. புதிதாக இருப்பது பதிவும் சான்றிதழும்தான். முதலாளிகள் மூன்று பேரிடம் பேசினேன். ஒருவர் சம்மதித்தார், ஒருவர் யோசிக்கிறார், ஒருவர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பிவிட்டார்.

வரும் வருஷம், வெளியூர் போகும் ஒவ்வொரு பிள்ளைக்கும் முதல் மூன்று மாதம் வாரம் ஒருமுறை போன் செய்ய ஒரு மூத்த உறுப்பினர் வேண்டும். இதுவரை நான்கு பேர் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மற்றவர்கள் இன்று போகும்முன் எழுதிக்கொடுங்கள்.

கடைசியாக, சங்க அலமாரியிலிருந்து எடுத்துப் போன வெர்னியர் இரண்டு இன்னும் திரும்பவில்லை. யாரிடம் இருக்கிறது என்று தெரியும், பெயர் சொல்லவில்லை. சித்திரைக்குள் வந்துவிடட்டும்.

இப்படிக்கு,
செயலாளர்