கடற்கரைச் சாலையில் மணல்

அன்புள்ள சேகர்,

இங்கே எல்லாரும் நலம். பெரியவள் கல்லூரிக்குப் போகத் தொடங்கிவிட்டாள். அம்மாவின் முழங்கால் அப்படியேதான் இருக்கிறது. போன கடிதத்தில் உன் வீட்டுச் செய்தியைக் கேட்டதற்கே பதில் இல்லை, அதனால் இந்த முறை கேட்கப்போவதில்லை. அந்தச் சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம்.

பாண்டிக்குப் போய்விட்டு வந்தேன். நம்பமாட்டாய், தலைமைச் செயலகத்துக்கு எதிரே மணல் இருக்கிறதடா! கால் புதைகிற நல்ல மணல், பிள்ளைகள் வீடு கட்டி விளையாடுகிறார்கள். நாம் படித்த காலத்தில் பீச் என்று சொல்லிக்கொண்டு உட்கார்ந்ததெல்லாம் கருங்கல் குவியலின் மேல். குண்டன் தன் புதுச் செருப்பை அலைக்குத் தாரை வார்த்தது அங்கேதான். அவனிடம் இதைச் சொல்லித் தொலைக்காதே, மணலைத் தோண்டிப் பார்க்கக் கிளம்பிவிடுவான்.

ஊர் எப்போதும் போலத்தான். பிரெஞ்சுக்காரர் பகுதியான ஒயிட் டவுனில் மஞ்சள் சுவர் கிடைத்த இடமெல்லாம் கல்யாண ஜோடிகள் போட்டோவுக்கு வரிசையில் நிற்கிறார்கள். 1761இல் ஆங்கிலேயன் இந்த ஊரை இடித்துத் தரைமட்டமாக்கியிருக்கிறான். ஆகவே பழைய பிரெஞ்சுக் கட்டடம் என்று நாம் வாயைப் பிளந்து பார்ப்பதில் பெரும்பாலானவை அதற்குப் பிறகு வந்தவை. மேரி கட்டடம், அதான் பழைய நகராட்சிக் கட்டடம், 2014 நவம்பர் மழையில் விழுந்ததே, அதை அப்படியே திரும்பக் கட்டி 2021இல் திறந்துவிட்டார்கள். அச்சு அசலாக இருக்கிறது, ஆனால் உன் மாமா பல்செட் போட்டுக்கொண்டு சிரிக்கிற மாதிரி ஏதோ ஒன்று கூடுதல் ஒழுங்கு. எனக்குப் பிடித்தது ஒயிட் டவுனைப் பிரிக்கிற வாய்க்காலுக்கு மேற்கே தமிழர் பகுதி வீடுகள்தான். கீழே திண்ணையும் மரத்தூண் வைத்த தாழ்வாரமும், மாடியில் பிரெஞ்சு பாணி வளைவும் பால்கனியும். யாரும் போட்டோ எடுக்க வருவதில்லை, நிம்மதி.

சரி, மணலுக்கு வருகிறேன். இது எங்கிருந்து வந்தது என்று விசாரித்தபோது கிடைத்த கதை உனக்கு ஓரளவு தெரிந்திருக்கும், நீதான் சிவில் படித்தவன். நம் கடற்கரையில் வருஷத்தின் பெரும்பகுதி அலை தெற்கிலிருந்து வடக்கே மணலைத் தள்ளிக்கொண்டே போகிறது. 1980களின் கடைசியில் அரியாங்குப்பம் ஆற்று முகத்தில் துறைமுகத்துக்காகக் கடலுக்குள் கற்சுவர் நீட்டினார்கள். தெற்கிலிருந்து வந்த மணல் அங்கேயே தேங்கிவிட்டது. வடக்கே கடல் எடுக்கிறதை எடுத்துக்கொண்டே இருக்கிறது, திரும்பப் போட ஒன்றும் வரவில்லை. அரிப்பைத் தடுக்கக் கருங்கல்லைக் கொட்டினார்கள், நாம் உட்கார்ந்தோம். சில வருஷங்களுக்கு முன் தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனத்தார் செயலகத்துக்கு எதிரே கடலடியில் ஆப்பு வடிவத்தில் பெரிய இரும்புக் கட்டமைப்பு ஒன்றை இறக்கினார்கள். அலை அதில் மோதி வேகம் குறைந்து, மணல் படிந்து, பீச் வந்துவிட்டது.

எனக்கு ஒரே குஷி. மறுநாள் அதே குஷியில் வடக்கே பொம்மையார்பாளையம் பக்கம் போனேன். போகாமலே இருந்திருக்கலாம்.

ஒரு வீடு. முன்வாசல் இருக்கிறது, திண்ணை இருக்கிறது, சுவரில் மின்மீட்டர் பெட்டிகூட இருக்கிறது. பின்பக்கம் இல்லை. அடுப்படி இருந்திருக்க வேண்டிய இடத்தில் பள்ளம், அதற்குக் கீழே கடல். பக்கத்தில் மீன் காயவைத்துக்கொண்டிருந்த அம்மா என்னை நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. "படகை ஏத்தி நிறுத்த இடமில்ல, வலையை ரோட்லதான் காயப்போடுறோம்" என்றார். பாண்டிக்குக் கல் போட்டதும் அரிப்பு குருசுக்குப்பம், வைத்திக்குப்பம், சோலை நகர் என்று வடக்கே நகர்ந்து, எல்லை தாண்டித் தமிழ்நாட்டுக் குப்பங்களுக்குள் வந்திருக்கிறது. ஒவ்வொரு குப்பமாகக் கல் கேட்கிறது. கல் கிடைத்த ஊர் தப்பிக்கிறது, அடுத்த ஊர் மாட்டிக்கொள்கிறது. அவர்களைக் குறை சொல்ல முடியுமா சொல்? வீட்டுக்குள் அலை வந்தால் நீயும் நானும் கல்லைத்தான் கேட்போம். ஆனாலும் அன்று சாயங்காலம் திரும்பி வந்து அந்த மணலில் உட்கார எனக்கு மனசு வரவில்லை. சாயங்காலம் வண்டிகளை விடாத கடற்கரைச் சாலையில் சும்மா நடந்தேன்.

இப்போது உன்னிடம் கேள்வி. தெற்கே சேருகிற மணலை அள்ளி வடக்கே கொட்ட வேண்டும் என்பது துறைமுகத் திட்டத்திலேயே இருந்ததாம். அது ஒழுங்காக நடக்கவில்லை. குழாய் போட்டு மணலை இறைப்பது அத்தனை கஷ்டமான வேலையா, இல்லை தினமும் செலவு வைக்கிற வேலை, திறப்பு விழா நடத்த முடியாத வேலை என்பதால் யாருக்கும் ஆர்வம் இல்லையா? துறைமுக வேலையில் தலை நரைத்தவன் நீ, மழுப்பாமல் சொல். விவரமாக, காகிதத்தில். வாட்ஸ்அப்பில் கட்டைவிரலைக் காட்டினால் அது பதில் கணக்கில் சேராது.

அன்புடன்,
கோபி