ஒன்பதாம் வகுப்பு மாணவர்களின் பெற்றோருக்கு: இந்த ஆண்டுப் புவியியல் பாடம் பற்றி

அன்புள்ள பெற்றோருக்கு,

வணக்கம். பள்ளி திறந்து ஒரு வாரம் ஆகிறது. ஒன்பதாம் வகுப்புக்கு உலகப் புவியியலை இந்த ஆண்டு வேறு விதமாகத் தொடங்க இருக்கிறோம். அதில் உங்கள் உதவியும் தேவைப்படுவதால் இந்தக் கடிதம்.

சென்ற ஆண்டு விடைத்தாள் ஒன்று இன்னும் என் மேசையில் இருக்கிறது. அணை கட்டுவதற்கு முன் நைல் நதியில் ஆண்டுதோறும் வெள்ளம் வந்தது ஏன் என்று கேட்டிருந்தோம். "எகிப்தில் மழை அதிகம்" என்று அந்த மாணவி எழுதியிருந்தாள். அதே தாளின் அடுத்த பக்கத்தில், எகிப்தின் பெரும்பகுதி பாலைவனம் என்றும் சரியாக எழுதியிருந்தாள். இரண்டு விடைகளும் ஒன்றையொன்று பார்த்துக்கொள்ளவே இல்லை. மலை, ஆறு, காற்று, மழை எல்லாம் இயற்கைப் புவியியல் என்று ஒரு பக்கமாகவும், மக்கள், பயிர், ஊர், தொழில் எல்லாம் மானிடப் புவியியல் என்று இன்னொரு பக்கமாகவும் பிரித்து நடத்தினோம். பிள்ளையும் அப்படியே பிரித்து மனத்தில் வைத்துக்கொண்டாள். அந்தப் பிழைக்கு ஆசிரியர்களாகிய நாங்களே பொறுப்பு.

அதனால் இந்த ஆண்டு முதல் நான்கு வாரங்களும் நைல் நதி ஒன்றுதான் பாடம். வாரத்தில் ஒரு வகுப்பை நானே எடுக்கிறேன்.

கெய்ரோவில் ஓராண்டு முழுவதும் பெய்கிற மழை சுமார் 25 மில்லிமீட்டர். நம் ஊரில் ஐப்பசியில் ஒரே இரவில் அதைவிடக் கூடுதலாகப் பெய்துவிடும். அப்படிப்பட்ட நாட்டில், கோடை கொளுத்தும் மாதங்களில் நதி கரைபுரண்டு வந்தது. ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் அங்கே போன கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸுக்கே இது பெரும் புதிராக இருந்தது. மழை பெய்தது வேறொரு நாட்டில். ஜூன் முதல் செப்டம்பர் வரை எத்தியோப்பிய மேட்டுநிலத்தில் கொட்டும் மழை நீல நைலில் இறங்கி, சூடானில் கார்ட்டூம் நகரருகே வெள்ளை நைலோடு சேர்ந்து, பாலைவனத்தைக் கடந்து எகிப்துக்கு வந்தது. கூடவே கரிய வண்டலையும் கொண்டுவந்தது. பழைய எகிப்தியர் தங்கள் நாட்டைக் 'கருநிலம்' என்று பொருள்படும் சொல்லால் அழைத்தார்கள். இன்று பத்துக் கோடிக்கும் மேற்பட்ட எகிப்தியரில் மிகப் பெரும்பாலோர் வாழ்வது, நாட்டின் பரப்பில் இருபதில் ஒரு பங்கு அளவேயான அந்த ஆற்றோர நிலத்தில்தான்.

இதை நம் பிள்ளைகளுக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினமல்ல என்று நம்புகிறேன். குடகில் மழை பிடித்தால் நம் வாய்க்காலில் தண்ணீர் வரும் என்பதை அறிந்த வீட்டுப் பிள்ளைகள் அவர்கள். நாளிதழில் மேட்டூர் அணையின் நீர்மட்டத்தைப் பார்த்துவிட்டுத்தானே நீங்கள் நாற்றங்கால் பற்றி முடிவெடுக்கிறீர்கள்? கெய்ரோவில் ரோடா என்ற ஆற்றுத் தீவில், ஆற்றின் நீர்மட்டத்தை அளக்கப் பொது ஆண்டு 861-இல் கட்டிய ஓர் அளவுக்கிணறு இன்றும் இருக்கிறது. நடுவில் முழக்கணக்கு பொறித்த கல்தூண். அதற்கும் பல நூற்றாண்டுகள் முன்பிருந்தே இப்படி அளந்து வந்தார்கள். ரோமானியர் காலத்தில் 12 முழம் என்றால் பஞ்சம், 16 முழம் என்றால் செழிப்பு. வெள்ளம் ஏறிய உயரத்தைப் பார்த்து அந்த ஆண்டின் வரியை முடிவு செய்தார்கள். எத்தியோப்பிய மலையில் பெய்த மழை, கெய்ரோவில் ஒரு குடியானவனின் வரியாக மாறியது. இந்த ஒரு வாக்கியத்தைப் பிள்ளை தன் சொற்களில் விளக்கிவிட்டால், புவியியல் அவளுக்குப் பிடிபட்டுவிட்டது என்று நான் எடுத்துக்கொள்வேன்.

1970-இல் தெற்கு எகிப்தில் நைலின் குறுக்கே அஸ்வான் உயர் அணை கட்டி முடிந்தபின் வெள்ளமும் நின்றது, பஞ்ச பயமும் குறைந்தது, மின்சாரமும் கிடைத்தது. ஆனால் வண்டல் அணைக்குப் பின்னால் தங்கிவிட்டது. வயலுக்குச் செயற்கை உரம் தேவைப்பட்டது, கடலோர டெல்டா அரிக்கத் தொடங்கியது. நீர்த்தேக்கத்தில் மூழ்கிய ஊர்களிலிருந்து நூபிய மக்கள் பல்லாயிரம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். அதே நீரில் மூழ்கவிருந்த பண்டைய எகிப்தின் அபு சிம்பெல் கோயில்களைத் துண்டு துண்டாக அறுத்து மேட்டில் கொண்டுபோய்ப் பொருத்தியதைப் புத்தகங்கள் விரிவாகப் படம் போட்டுக் காட்டுகின்றன. இடம்பெயர்ந்த மனிதர்களுக்கும் வகுப்பில் அதே அளவு நேரம் தர வேண்டும் என்று ஆசிரியரிடம் சொல்லியிருக்கிறேன். 1959-இல் எகிப்தும் சூடானும் நதிநீரைத் தங்களுக்குள் பகிர்ந்துகொண்டதையும், அதில் சேராத எத்தியோப்பியா 2011-இல் நீல நைலின் குறுக்கே பெரிய அணை ஒன்றைக் கட்டத் தொடங்கியதையும் பிள்ளைகள் விவாதிப்பார்கள். மேல்மடை, கீழ்மடை இரண்டு பக்கத்துக்காகவும் ஒவ்வொரு பிள்ளையும் ஒருமுறை பேச வேண்டும். நாம் கடைமடையில் இருப்பவர்கள். மேல்மடைக்காரரின் நியாயத்தைப் பேசிப் பார்ப்பது நம் பிள்ளைகளுக்கு மிகவும் தேவை.

இனி உங்களிடம் கேட்பவை.

ஜூன் 21-ஐ ஒட்டிய ஒரு நாளில் வாசலில் ஒரு மீட்டர் கோலைச் செங்குத்தாக நட்டு நிழலை அளக்கச் சொல்லியிருக்கிறோம். நேரம் பகல் 12.15. (சரியாக 12 மணி ஏன் இல்லை என்று பிள்ளையிடமே கேளுங்கள், இந்திய நேரம் எந்தத் தீர்க்கரேகையில் கணக்கிடப்படுகிறது என்று தேடிச் சொல்வாள்.) நிழல் தெற்கே விழும், நீளம் 22 சென்டிமீட்டரை ஒட்டி இருக்கும். அதே நாளில் அஸ்வானில் நிழல் அநேகமாக இராது. இப்படி அஸ்வானுக்கும் அலெக்சாண்டிரியாவுக்கும் இடையே இருந்த நிழல் வேறுபாட்டைக் கொண்டுதான் பொது ஆண்டுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில், அலெக்சாண்டிரியா நூலகத்தின் தலைவராக இருந்த எரடோஸ்தனிஸ் பூமியின் சுற்றளவைக் கணக்கிட்டார். ஆகஸ்ட் 25-ஐ ஒட்டி நம் ஊரிலும் நண்பகல் நிழல் மறையும்; அன்றும் அளக்க வேண்டும். பிள்ளை வெயிலில் நிற்கிறாள் என்று உள்ளே அழைத்துவிடாதீர்கள், பத்து நிமிடம் போதும்.

புதிய அட்லஸ் வாங்க வேண்டாம். அண்ணன், அக்கா வைத்திருந்த பழைய அட்லஸே போதும். இல்லாதவர்களுக்குப் பள்ளியில் இருப்பதைத் தருகிறோம்.

உங்களில் பலர் குவைத், துபாய், சிங்கப்பூர் என்று போய் உழைத்துத் திரும்பியவர்கள். அங்கே குடிநீர் எங்கிருந்து வந்தது, எந்த நாட்டுக்காரர்களோடு தங்கியிருந்தீர்கள், வெயில் காலத்தில் வேலை நேரம் எப்படி மாறியது என்று வகுப்பில் அரைமணி நேரம் வந்து பேசுங்கள். 'நான் படிக்கவில்லையே' என்று தயங்க வேண்டாம். நீங்கள் கண்ணால் கண்டதை நாங்கள் புத்தகத்தில் மட்டுமே படித்திருக்கிறோம்.

புவியியலுக்கு மேற்படிப்பில் என்ன பயன் என்று சென்ற பெற்றோர் கூட்டத்தில் ஒரு தந்தை கேட்டார். நியாயமான கேள்வி. முதல் நான்கு வாரம் முடிந்ததும் அவரும் மற்ற பெற்றோரும் ஒருநாள் வகுப்பில் வந்து உட்கார வேண்டுகிறேன். பிள்ளைகள் பேசுவதைக் கேட்டபின் நாம் அதைப் பற்றிப் பேசுவோம்.

பேச வர விரும்புவோர் கீழேயுள்ள பகுதியில் பெயரும் வசதியான நாளும் எழுதி, வரும் வெள்ளிக்கிழமைக்குள் பிள்ளையிடம் கொடுத்தனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள,
தலைமையாசிரியர்