பிளேஸ்மென்ட் வருடத்தை விட்டுவிடாதே

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். கடன் ஏறுகிறது, பயோமெடிக்கல் சயன்ஸ் படிப்பின் நடுவே லாப்பில் பயிற்சி எடுக்கும் பிளேஸ்மென்ட் வருடம் வேண்டாம், மூன்று வருடத்தோடு முடிக்கிறேன் என்று ஞாயிற்றுக்கிழமை சொன்னாய். எனக்கு அதில் சம்மதமில்லை, பிள்ளை.

முதலில் கணக்கைப் பார். 2025-26இல் உன் வருடக் கட்டணம் 9,535 பவுண். பிளேஸ்மென்ட் வருடத்துக்கு அதில் ஐந்திலொரு பங்குக்கு மேல் கம்பஸ் கேட்க முடியாது. ஊரில் நகையை அடகு வைத்து வாங்கும் கடன்போல இந்த அரசாங்கப் படிப்புக் கடனை நினைத்துப் பயப்படாதே. வருடச் சம்பளம் 25,000ஐத் தாண்டினால், தாண்டிய காசில்தான் நூற்றுக்கு 9 பிடிப்பார்கள். 30,000 உழைத்தால் மாதம் 37 பவுண் 50 பென்ஸ். வட்டி ஏறும், உண்மைதான். ஆனால் 40 வருடத்துக்குப் பிறகு மிச்சத்தைத் தள்ளிவிடுவார்கள்.

பட்டம் மட்டும் இருந்தால் இங்கே பிரிட்டனில் பயோமெடிக்கல் சயன்டிஸ்ட் என்று சொல்லிக்கொள்ள முடியாது. அந்தப் பெயருக்குச் சட்டப் பாதுகாப்பு உண்டு. பதிவு வேண்டும், அதற்கு வழக்கமான வழி, அங்கீகாரம் பெற்ற லாப்பில் நின்று பயிற்சி போர்ட்ஃபோலியோவை, அதாவது செய்து பழகியதற்கான சான்றுத் தொகுப்பை, முடிப்பது. பட்டம் முடித்த எத்தனையோ பிள்ளைகள் லாப்பில் என்னோடு அசிஸ்டன்டாக நின்று, ஊதா மூடிக் குழாயை இரத்த எண்ணிக்கைக்கு, மஞ்சள் மூடியை பயோகெமிஸ்ட்ரிக்கு என்று பிரித்துக்கொண்டே ஒரு பயிற்சி இடத்துக்குக் காத்திருக்கிறார்கள். படித்த பிள்ளைகள் அப்படி நிற்பதைப் பார்க்க மனம் கேட்பதில்லை. பிளேஸ்மென்ட் வருடத்திலேயே அந்தப் பயிற்சியை எடு, நீ அந்த வரிசைக்கு வரவேண்டாம். பல பிளேஸ்மென்ட்களுக்குச் சம்பளம் கிடையாது என்பதும் எனக்குத் தெரியும். அந்த வருட வாடகையை நானும் அப்பாவும் பார்த்துக்கொள்வோம்.

அப்புறம், உன் பெஞ்சில் நிற்கும் சென்னைப் பிள்ளை. பிராக்டிகலில் அவள் தூங்கி வழிகிறாள் என்று குறைப்பட்டாய். அவளைப் போன்ற வெளிநாட்டுப் பிள்ளைகளின் கட்டணத்துக்கு உச்சவரம்பே இல்லை. பல கம்பஸ்களில் அது 20,000க்கு மேல். விசாவோடு வருடத்துக்கு 776 பவுண் சுகாதாரக் கட்டணம் வேறு. அரசாங்கக் கடனும் இல்லை. தவணை நாட்களில் கிழமைக்கு 20 மணித்தியாலத்துக்கு மேல் வேலை செய்யவும் விடமாட்டார்கள். அந்த 20 மணித்தியாலத்தை அவள் இரவில்தான் செய்கிறாளோ என்னவோ. அவளிடம் கேட்டுப் பார். நோட்ஸையும் கொடு. வாடகை கட்ட வழியில்லாமல் வீட்டிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் பிள்ளைகளையும் உங்கள் குழுவில் சேர்த்துக்கொள். ஒன்பது மணி பிராக்டிகலுக்கு அவர்கள் பிந்துவது சோம்பலால் அல்ல.

உங்கள் வகுப்பில் சோமாலி, நைஜீரிய, வங்காளப் பிள்ளைகள் எல்லோரும் இருப்பதில் எனக்குப் பெரிய சந்தோஷம். இந்தத் தொழிலுக்கே அது தேவை. ஆப்பிரிக்க வம்சாவளியினர் பலருக்கு சிவப்பணுவில் டஃபி என்ற புரதம் இல்லாத இரத்த வகை காரணமாக, நியூட்ரோபில் என்ற வெள்ளையணுக்களின் எண்ணிக்கை இயல்பாகவே குறைவாக இருக்கும், அது நோயில்லை. ஐரோப்பியர்களை வைத்துப் போட்ட அளவைக் கொண்டு பார்த்தால் சுகமாக இருப்பவரையும் நோயாளி என்று அலைய வைப்போம். எங்கள் ஆட்களில் தலசீமியா என்ற பரம்பரை இரத்தக் குறைபாட்டின் கூறு உள்ளவர்களின் சிறிய சிவப்பணுக்களைப் பார்த்து, இரும்புச்சத்துக் குறைவு என்று மாத்திரை கொடுப்பதும் நடக்கிறது. அப்படியொரு ரிப்போர்ட்டைப் பார்த்ததும் 'பொறுங்கள், இன்னொரு டெஸ்ட் செய்வோம்' என்று சொல்ல, தன் வீட்டிலேயே அதைக் கண்ட ஒருவர் லாப்பில் இருக்கவேண்டும்.

விண்ணப்ப முடிவுத் தேதியை எனக்கு அனுப்பு. லண்டனில் இடம் கிடைத்தால் வீட்டிலிருந்தே போகலாம், வாடகையும் மிச்சம். சென்னைப் பிள்ளை நத்தார் விடுமுறைக்கு ஊருக்குப் போகவில்லையென்றால் இங்கே கூட்டிக்கொண்டு வா.

அன்புடன்,
அம்மா