மூன்று ராத்திரி

அடிலெய்டு
ஜூலை 27

அன்புள்ள அப்பாவுக்கும் அம்மாவுக்கும்,

நாங்கள் மூவரும் நலம். அம்மாவின் முழங்கால் வலி இப்போது எப்படி இருக்கிறது? தைலம் தேய்த்தால் மட்டும் போதாது, டாக்டர் சொன்ன பயிற்சியையும் செய்யச் சொல்லுங்கள் அப்பா.

போன ஞாயிற்றுக்கிழமை போனில் நீங்கள் கேட்ட கேள்விக்கு அப்போது சரியாகப் பதில் சொல்ல முடியவில்லை. "வீட்டில் கட்டில் மெத்தை இருக்க, அறுபதாயிரம் ரூபாய் செலவழித்துப் பொட்டல்காட்டில் போய்த் தரையில் படுத்துவிட்டு வந்திருக்கிறீர்களே, அதில் என்ன கண்டீர்கள்?" என்றீர்கள். அடுத்த வருஷம் நீங்கள் இரண்டு பேரும் வரும்போது உங்களையும் அங்கே கூட்டிப்போக வேண்டும் என்று உங்கள் மாப்பிள்ளை ஒற்றைக்காலில் நிற்கிறார். அதனால் கணக்கையும் மற்றதையும் முழுசாக எழுதிவிடுகிறேன். படித்துவிட்டு நீங்களே முடிவு பண்ணுங்கள்.

முதலில் தூரத்தைச் சொல்ல வேண்டும். இங்கிருந்து, ஆஸ்திரேலியாவின் நடுவில் இருக்கும் உலுரு என்ற அந்தப் பாறைக்கு 1,600 கிலோமீட்டர். உடன்குடியில் காரை எடுத்தால் மதுரை, பெங்களூரு, ஐதராபாத் எல்லாம் கடந்து நாக்பூரை நெருங்கிவிடும் தூரம். நம் ஊரில் அந்த வழியில் எத்தனை ஆயிரம் கடைகள், எத்தனை டீக்கடைகள்! இங்கே போர்ட் அகஸ்டா என்ற ஊரைத் தாண்டிவிட்டால் சாலையும் வானமும்தான். கூபர் பீடி என்ற ஊருக்கு முன்னால் 250 கிலோமீட்டருக்கு மேல் ஒரு பெட்ரோல் பங்க் கிடையாது. எதிரே வருகிற லாரிகள் மூன்று பெட்டிகளைக் கோர்த்துக்கொண்டு 53 மீட்டர் நீளத்துக்கு வரும், ரோடு டிரெயின் என்கிறார்கள். அது கடந்து போகும்போது நம் கார் ஒரு உலுக்கு உலுக்கி நிற்கும். இருட்டினால் கங்காரு குறுக்கே பாயும் என்பதால் சூரியன் இறங்குவதற்குள் எங்காவது ஒதுங்கிவிடுவோம். மாப்பிள்ளை வேகமாக ஓட்டினாரா என்று அம்மா கேட்பார்கள். இல்லை, 100-ஐத் தாண்டவே இல்லை.

செலவில் பெரும்பங்கு இந்தத் தூரத்துக்குத்தான் போனது. போக வர, அங்கே சுற்றியது எல்லாம் சேர்த்து 3,500 கிலோமீட்டர். பெட்ரோலுக்கு மட்டும் கிட்டத்தட்ட 800 டாலர். உள்ளே போகப் போக லிட்டர் விலை ஏறிக்கொண்டே போகிறது. பாறை இருக்கும் தேசியப் பூங்காவுக்குள் நுழைய ஆளுக்கு 38 டாலர், அது மூன்று நாளைக்குச் செல்லும். 18 வயதுக்குக் கீழ் இலவசம் என்பதால் பையன் தருணுக்குக் கொடுக்கவில்லை. டென்ட் போட்ட இடத்துக்கு மூன்று ராத்திரிக்கு 190 டாலர். வழியில் தங்கியது இன்னொரு 75. டாலருக்கு 55 ரூபாய் என்று போட்டால் நீங்கள் சொன்ன அறுபதாயிரம் சரிதான். அரிசி, பருப்பு, காய்கறியெல்லாம் வீட்டிலிருந்தே கொண்டுபோனோம்.

வெறும் தரைக்கு ஒரு ராத்திரிக்கு அறுபது டாலருக்கு மேலா என்று எனக்கும் முதலில் மனசு ஒப்பவில்லை. போய்ப் பார்த்தபோது காரணம் புரிந்தது. முன்பு பாறையின் காலடியிலேயே விடுதிகளும் டென்ட் போடும் இடங்களும் இருந்திருக்கின்றன. மண்ணும் மரமும் கெடுகிறது என்று எல்லாவற்றையும் அகற்றிவிட்டு, 1984-இல் பூங்காவின் எல்லைக்கு வெளியே யுலாரா என்ற ஊரைப் புதிதாகக் கட்டினார்கள். இப்போது பூங்காவுக்குள் எங்களைப் போல வருகிறவர்கள் டென்ட் போட்டு ராத்தங்க முடியாது. அடுத்த பெரிய ஊரான ஆலிஸ் ஸ்பிரிங்ஸ் 450 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. ஒரு முட்டைக்கோஸ் வேண்டுமென்றாலும் லாரியில் வர வேண்டும். குளிக்கிற தண்ணீர் நிலத்தடியிலிருந்து எடுத்துச் சுத்திகரித்தது. போட்டிக்கு வேறு இடமும் இல்லை. அதே ஊரில் ஹோட்டல் அறை எடுத்திருந்தால் ஒரு ராத்திரி வாடகையே எங்கள் மூன்று ராத்திரிச் செலவை விழுங்கியிருக்கும்.

சரி, கணக்கு போதும்.

அப்பா, முதல் நாள் சாயங்காலம் காரை விட்டு இறங்கியதும் நான் குனிந்து மண்ணைத்தான் பார்த்தேன். நம் தேரிக்காட்டு மண் அப்பா! அதே செம்மண், அதே மெல்லிய மாவுப் பதம், கால் புதைகிற அதே பதிவு. நீங்கள் வகுப்பில் சொல்வீர்களே, மணலில் இருக்கும் இரும்பு துருப்பிடித்துத்தான் தேரி சிவந்தது என்று. இங்கேயும் அதே கதைதான். பாறையின் உடைந்த உட்பக்கம் சாம்பல் நிறம், வெளியேதான் துருவின் சிவப்பு. தருணிடம் நீங்கள் சொன்னபடியே சொன்னேன்.

பனை மட்டும்தான் இல்லை. அதற்குப் பதில் டெசர்ட் ஓக் என்று ஒரு மரம். பெயரில் ஓக் இருந்தாலும் நம் சவுக்குக் குடும்பம். இளசில் கிளையே விடாமல் ஒட்டடைக் கம்பு மாதிரி ஒல்லியாக நிற்கிறது. வேர் இறங்கி ஆழத்துத் தண்ணீரைத் தொட்ட பிறகுதான் கிளை பரப்புமாம். ராத்திரி டென்ட்டுக்குள் படுத்திருந்தபோது காற்று அதில் புகுந்து வருகிற சத்தம், மணப்பாடு கடற்கரைக்குப் போய் உட்கார்ந்தது போலவே இருந்தது. ஒன்பது வருஷத்தில் இந்த நாட்டில் எனக்கு ஊர் ஞாபகம் இப்படி வந்ததில்லை.

குளிர்தான் நான் நினைத்ததைவிட அதிகம். பகலில் 20 டிகிரி, இதமான வெயில். இருட்டியதும் மடமடவென்று இறங்கி, விடியும்போது டென்ட்டின் மேல் உறைபனி. மூன்று பேரும் கம்பளித் தொப்பி, காலுறையோடு தூங்கினோம். முதல் நாள் சமையல் கொட்டகையில் நான் சுக்கு தட்டிப் போட்டு, நீங்கள் அனுப்பிய கருப்பட்டியில் காப்பி வைத்தேன். பக்கத்து அடுப்பில் எழுபது வயதைத் தாண்டிய ஒரு கணவனும் மனைவியும் சூப் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். வாசனை பிடித்து என்ன என்று கேட்டார்கள். ஆளுக்கு ஒரு டம்ளர் கொடுத்தேன். மறுநாள் முதல் அவர்களே டம்ளரோடு வந்துவிட்டார்கள். வேலையிலிருந்து ஓய்வு பெற்றபின் வீட்டை வாடகைக்கு விட்டுவிட்டு, காருக்குப் பின்னால் கேரவனைக் கட்டிக்கொண்டு இரண்டு வருஷமாக நாட்டைச் சுற்றுகிறார்களாம். இப்படி ஒரு பெருங்கூட்டமே சாலையில் இருக்கிறது. முதியோர் இல்லத்தில் வேலை பார்க்கிற எனக்கு அந்த அம்மாவின் நடையைப் பார்க்கச் சந்தோஷமாக இருந்தது.

விடிவதற்கு முன் ஆறு மணிக்கே எழுந்து பூங்கா வாசலில் வரிசையில் நின்றோம். டென்ட்டில் தங்கியதன் பலன் இதுதான் என்று நான் நினைக்கிறேன். எங்கிருந்தோ வந்து ஒரு மணி நேரம் பார்த்துவிட்டு ஓட முடியாத இடம் அது. பாறை முதலில் கறுப்பாக, ஒரு பெரிய மிருகம் படுத்திருப்பது போல இருந்தது. வெளிச்சம் ஏற ஏற ஊதா, பிறகு செங்கல், பிறகு அடுப்புத் தணல். எல்லோரும் போன் எடுத்தார்கள், நானும் எடுத்தேன். படத்தில் ஒன்றும் வரவில்லை.

348 மீட்டர் உயரம். சுற்றி நடந்தால் 10 கிலோமீட்டருக்குக் கொஞ்சம் அதிகம். தூரத்திலிருந்து வழவழப்பாகத் தெரிகிறது. கிட்டப் போனால் குகைகள், மடிப்புகள், தேனடை மாதிரிப் பொத்தல்கள். மேலே ஏறினீர்களா என்று நீங்கள் கேட்டீர்கள். ஏறக் கூடாது அப்பா. அனங்கு என்ற அந்த மண்ணின் மக்களுக்கு அது கோவில். ஏறாதீர்கள் என்று பல வருஷம் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். ஏறியவர்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தும் போனார்கள். கடைசியில் 2019 அக்டோபர் 26-ஆம் தேதி ஏறுவதையே நிறுத்திவிட்டார்கள். 1985-இல் நிலத்தை அவர்கள் கையில் திருப்பிக் கொடுத்த அதே தேதி. சில இடங்களில் படம் எடுக்காதீர்கள் என்று பலகை வைத்திருக்கிறார்கள். அங்கே போனைப் பைக்குள் போட்டுவிட்டு நடந்தோம்.

தெற்குப் பக்கம் முடிட்ஜுலு என்று ஒரு சுனை. அந்த வறண்ட இடத்தில் பாறை மடிப்புக்குள் தண்ணீர், சுற்றிலும் மரநிழல், குருவிச் சத்தம். குனியா என்ற மலைப்பாம்புப் பெண், தன் உடன்பிறந்தவரின் மகனுக்காக விஷப்பாம்பு ஆள்களோடு சண்டை போட்ட இடம் அது என்கிறது அவர்கள் கதை. பாறையில் இருக்கிற கோடுகளைக் காட்டி, இது அவள் ஊர்ந்த தடம், இது அவள் அடித்த அடி என்கிறார்கள். எனக்கு நம் அருஞ்சுனை காத்த அய்யனார் கோவில்தான் கண்ணில் வந்தது. தேரிக்கு நடுவே ஒரு சுனை, அதைக் காக்க ஒரு சாமி. பங்குனி உத்திரத்துக்கு வேனில் பாய், பானை, அரிசி எல்லாம் ஏற்றிக்கொண்டு போய், மரத்தடியில் பொங்கி, மணலில் துண்டை விரித்துப் படுத்து எழுந்து வருவோமே! அப்போது நீங்கள் செலவுக் கணக்கு எழுதி நான் பார்த்ததில்லை. எங்கள் கேம்பிங்கும் ஏறக்குறைய அதுதான் அப்பா.

மூன்றாம் நாள் கட்டா ஜுட்டா போனோம். 'பல தலைகள்' என்று அர்த்தமாம். 36 குன்றுகள், உலுருவைவிட உயரம். எனக்கு இதுதான் அதிகம் பிடித்தது, கூட்டமும் குறைவு. ஒரே ராத்திரி தங்கிவிட்டுக் கிளம்புகிறவர்கள் இதை விட்டுவிடுகிறார்கள். 1,600 கிலோமீட்டர் போய்விட்டு ஒரு ராத்திரி வாடகையை மிச்சம் பிடிப்பதில் அர்த்தமே இல்லை. மூன்று ராத்திரிக்குக் குறைவாகத் தங்குவதென்றால் போகவே வேண்டாம் என்பேன்.

எல்லா இடமும் காசுக்குத் தகும் என்று சொல்ல மாட்டேன். போகும் வழியில் ஒரு இடத்தில், பெயர் வேண்டாம், 40 டாலர் வாங்கிக்கொண்டு சரளைக்கல் தரையைக் காட்டினார்கள். டென்ட் முளை இறங்கவே இல்லை. வெந்நீர் வரவில்லை, ராத்திரி முழுக்க ஜெனரேட்டர் சத்தம். பிரபலமான பெயருக்குப் பக்கத்தில் இருக்கிறது என்பதற்காகவே அந்த விலை. திரும்பும்போது சாலையோர ஓய்விடம் ஒன்றில் காசே இல்லாமல் தங்கினோம். பால்வீதி ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை கொட்டிக் கிடந்தது, அவ்வளவு நட்சத்திரத்தைத் தருண் பார்த்ததே இல்லை. அங்கே ஒரு இரும்புக் கழிப்பறையும் மேஜையும் தவிர வேறெதுவும் கிடையாது, தண்ணீர் நாமே கொண்டுபோக வேண்டும். ஆகவே வானத்துக்காக யாருக்கும் காசு கொடுக்கத் தேவையில்லை. அந்தப் பாறைக்கு முன்னால் விடிவதற்கும், மூன்று நாள் அவசரமில்லாமல் அதைச் சுற்றி இருப்பதற்கும்தான் காசு கொடுத்தோம். கொடுத்ததில் எனக்கு ஒரு சென்ட் கூட வருத்தமில்லை.

அம்மாவுக்காக ஒன்று சொல்கிறேன். கழிப்பறையும் குளியலறையும் யுலாராவில் சுத்தமாக இருந்தன, வெந்நீர் எந்த நேரமும் வந்தது. தரையில் படுக்க வேண்டாம், மடிக்கிற கட்டில் இரண்டு வாங்கிவிடுகிறோம். பாறையைச் சுற்றி முழுதும் நடக்க வேண்டியதில்லை. அந்தச் சுனைக்குப் போக வர ஒரு கிலோமீட்டர்தான், சமதரை, சக்கர நாற்காலியே போகும். உட்காரப் பலகையும் உண்டு. வழியில் கூபர் பீடியில் பூமிக்கடியில் குடைந்த வீடுகளையும் பார்க்கலாம், 1915-இல் ஒரு பதினாலு வயதுப் பையன் ஓபல் என்ற ரத்தினக்கல்லைக் கண்டுபிடித்த ஊர்.

வருவதென்றால் ஜூனில் வாருங்கள். ஜூலையில் பள்ளி விடுமுறை, இடம் கிடைக்காது. வெயில் காலத்தில் 40 டிகிரியைத் தாண்டும், ஈயும் அதிகம், அப்போது வேண்டவே வேண்டாம். விசா வேலையைப் பொங்கலுக்குள் ஆரம்பித்தால் நல்லது. டென்ட் இடத்தை இப்போதே பதிந்துவிடலாமா என்று மாப்பிள்ளை கேட்கிறார். நான்தான் அப்பா சொல்லட்டும் என்று நிறுத்தி வைத்திருக்கிறேன். பதிந்தாலும் முன்கூட்டியே சொன்னால் ரத்து செய்துகொள்ளலாமாம், அதனால் பயப்படாதீர்கள்.

சுக்கு இன்னும் இருக்கிறது. அந்தக் கேரவன் தம்பதிக்குக் கொடுத்ததில் கருப்பட்டிதான் தீர்ந்துவிட்டது. பெரியம்மா மகன் ஆகஸ்டில் பெர்த் வருகிறானாம், அவனிடம் இரண்டு கிலோ கொடுத்துவிடுங்கள்.

உங்கள் அன்பு மகள்,
செல்வி