சரசுவுக்கு, ஈஸ்டர் முடிந்த வாரத்தில்

அன்புள்ள சரசு,

நலமா? மூட்டுவலி எப்படி இருக்கிறது? அந்தத் தைலத்தையே தேய்த்துக்கொண்டிருக்காமல் டாக்டரிடம் போனாயா இல்லையா என்பதை முதலில் எழுது. இங்கே எல்லாரும் சுகம். சின்னவனுக்கு ஓசூரில் வேலை கிடைத்துப் போய்விட்டான், இப்போது வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அம்மா படுத்திருந்த அறையில் கட்டிலை மட்டும் எடுத்தோம். மற்றதெல்லாம் அப்படியே இருக்கிறது, அவள் கண்ணாடிக் கூடு உட்பட.

அம்மா அடக்கத்துக்கு நீ மதுரையிலிருந்து பஸ் மாறி மாறி வந்து நின்றதை நான் மறக்கமாட்டேன். அன்று ராத்திரி எல்லாரும் போனபிறகு திண்ணையில் உட்கார்ந்து நீ சொன்னதும் மறக்கவில்லை. "உங்கள் சபை ஐயர் குழிமேட்டில் உயிர்த்தெழுதல் என்று சொன்னாரே, அது நல்ல உருவகம்டி. போனவர்கள் நம் மனசில் திரும்பத் திரும்ப எழுந்து வருவார்கள், அதுதானே அர்த்தம்?" என்றாய். ஆறுதலாகத்தான் சொன்னாய், எனக்குத் தெரியும். நானும் தலையை ஆட்டிவிட்டேன். அழுது ஓய்ந்திருந்தேன், பேசத் தெம்பில்லை. ஆனால் இந்த மூன்று மாதமாக அந்தத் தலையாட்டல் என்னை உறுத்திக்கொண்டே இருக்கிறது. நான் நம்புவது அது இல்லை, சரசு. நாற்பது வருஷமாக உன்னிடம் எதையும் ஒளித்ததில்லை, இதை மட்டும் ஏன் ஒளிக்கவேண்டும்?

நாங்கள் சொல்வது ரொம்ப முரட்டுத்தனமான ஒரு விஷயம். இயேசு என்ற ஒரு மனிதரை ரோமர்கள், பிலாத்து ஆளுநராக இருந்த காலத்தில் சிலுவையில் அறைந்து கொன்றார்கள், அவரைக் கல்லறையில் வைத்தார்கள், மூன்றாம் நாள் அந்த உடம்போடு எழுந்தார், சீடர்கள் முன்னால் பொரித்த மீன் துண்டை வாங்கிச் சாப்பிட்டார். இதை உருவகமாக்கினால் உன்னைப் போன்றவர்களுக்குச் சிரமமில்லாமல் போய்விடும், ஆனால் முதல் தலைமுறைக் கிறிஸ்தவரான பவுல் அந்த வழியை அப்போதே அடைத்துவிட்டார். அடக்க ஆராதனையில் நீளமாக ஒரு பகுதி வாசித்தார்களே, கொரிந்தியருக்கு எழுதிய முதல் கடிதம், 15ஆம் அதிகாரம், அதிலேயே இருக்கிறது: கிறிஸ்து எழுந்திருக்கவில்லையென்றால் நாங்கள் பிரசங்கிப்பதும் வீண், நீங்கள் விசுவாசிப்பதும் வீண். நீ லேபில் பிள்ளைகளுக்குச் சொல்வாயே, தப்பென்று காட்ட வழியில்லாத கூற்று கூற்றே இல்லை என்று. இது தப்பாக இருக்கக்கூடிய கூற்று. அதனால்தான் உன் சந்தேகத்தை நான் மதிக்கிறேன். நீ சந்தேகப்படும்போதுதான் நாங்கள் சொல்வதைச் சொன்னபடியே எடுத்துக்கொள்கிறாய்.

அந்த அதிகாரத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படி. பவுல் அதை எழுதியது கி.பி. 55 வாக்கில், சிலுவை மரணம் நடந்து 25 வருஷத்துக்குள். அதில் ஒரு பட்டியல் வருகிறது. முதலில் சீடர் பேதுரு பார்த்தார், பிறகு பன்னிரண்டு சீடர்கள், பிறகு ஒரே சமயத்தில் ஐந்நூறு பேருக்கு மேல். அந்த ஐந்நூறு பேரில் பெரும்பாலானோர் இன்னும் உயிரோடு இருக்கிறார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி. எனக்கு அது போய்க் கேட்டுப்பார் என்று சொல்வது போலத்தான் இருக்கிறது. இந்தச் செய்தி தன் சொந்தச் சரக்கு இல்லை, தானும் வாங்கித்தான் கொடுக்கிறேன் என்றும் சொல்கிறார். தான் மனம் மாறி மூன்று வருஷம் கழித்து எருசலேமுக்குப் போய்ப் பேதுருவோடு 15 நாள் தங்கியதையும், அங்கே இயேசுவின் தம்பி யாக்கோபைப் பார்த்ததையும் இன்னொரு கடிதத்தில் எழுதியிருக்கிறார். பதினைந்து நாள் என்ன பேசியிருப்பார்கள் என்று நான் அடிக்கடி நினைத்துப் பார்ப்பேன்.

அந்த யாக்கோபை விட்டுவிட்டு என்னால் மேலே போக முடியாது. இயேசு உயிரோடு இருந்தவரை அவருடைய சகோதரர்கள் அவரை விசுவாசிக்கவில்லை என்று யோவான் சுவிசேஷம் ஒளிக்காமல் சொல்கிறது. உனக்கும் அண்ணன் இருக்கிறார், எனக்கும் தம்பி இருக்கிறான். கூடவே சாப்பிட்டு, சண்டைபோட்டு வளர்ந்தவனைக் கர்த்தர் என்று சொல்ல என்ன நடக்கவேண்டும்? ஆனால் இந்த யாக்கோபு எருசலேம் சபைக்குத் தலைவரானார், கி.பி. 62இல் கல்லெறிந்து கொல்லப்பட்டார். இதைச் சொல்வது ஜோசிபஸ் என்ற யூத வரலாற்றாசிரியர், அவர் கிறிஸ்தவர் இல்லை. பவுலின் பட்டியலிலோ ஒரே வரிதான்: பிறகு யாக்கோபுக்குத் தரிசனமானார். அவ்வளவுதான், புதிய ஏற்பாட்டில் வேறு யாரும் அதை விரித்து எழுதவில்லை.

அன்று நீ இன்னொன்றும் கேட்டாய். சிலுவையில் செத்தவர்களைப் பிணமாகவே தொங்கவிட்டுவிடுவார்களே, கல்லறை எங்கிருந்து வந்தது என்று. பெரும்பாலும் அப்படித்தான் விடுவார்கள், நீ சொன்னது சரி. ஆனால் 1968இல் எருசலேமின் வடக்கே ஒரு குகைக் கல்லறையைத் தோண்டியபோது எலும்புகள் வைத்த ஒரு கல்பெட்டி கிடைத்தது, பெட்டியில் யோகனான் என்று பெயர் வெட்டியிருந்தது. முதல் நூற்றாண்டு ஆள். அவருடைய குதிகால் எலும்பில் சுமார் பதினொன்றரை சென்டிமீட்டர் நீள ஆணி ஒன்று இன்னும் குத்தியபடியே இருக்கிறது, நுனி வளைந்துபோனதால் பிடுங்க முடியவில்லை போல. அந்த எலும்பின் படத்தைப் பார்த்த அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. சிலுவையில் கொல்லப்பட்ட ஒருவரை வீட்டார் வாங்கிப்போய் முறையாக அடக்கம்பண்ணியிருக்கிறார்கள், அது நடக்கக்கூடியதுதான் என்பதற்கு மட்டும் அது சாட்சி. அதற்குமேல் அதை நான் இழுக்கமாட்டேன்.

அப்புறம் இயேசுவின் கல்லறைக்குப் போன அந்தப் பெண்கள். விடியுமுன் வாசனைத் திரவியம் எடுத்துக்கொண்டு அவர்கள் போனது பிணத்துக்குச் செய்யவேண்டியதைச் செய்வதற்கு. போகிற வழியில் அவர்களுக்கு இருந்த கவலை, கல்லை யார் புரட்டுவார் என்பது. நானும் அம்மாவைக் குளிப்பாட்டி உடுத்தினவள்தானே, அந்தக் கவலை எனக்குப் புரிகிறது. காரியம் ஆகவேண்டும், அழுகையை அப்புறம் வைத்துக்கொள்ளலாம் என்ற நிலை. அந்தக் காலத்தில் பெண்கள் சாட்சியை ஏற்கக்கூடாது என்று அதே ஜோசிபஸ் எழுதியிருக்கிறார். இரண்டாம் நூற்றாண்டில் செல்சஸ் என்ற கிரேக்கத் தத்துவவாதி, புத்தி பேதலித்த ஒரு பெண் சொன்னதையா நம்புகிறீர்கள் என்று கிறிஸ்தவர்களைக் கேலிசெய்தார். நம்பவைக்கக் கதை கட்டுகிறவன் அந்தப் பெண்களில் ஒருத்தியான மகதலேனா மரியாளை முதல் சாட்சியாகக் கொண்டுவந்து நிறுத்துவானா? ஆண் சீடர்களே அதை வீண்பேச்சு என்று தள்ளினார்கள், லூக்கா தன் சுவிசேஷத்திலேயே எழுதியிருக்கிறார்.

சரி, இவ்வளவும் நிரூபணமா என்றால் இல்லை. நாலு சுவிசேஷத்திலும் விவரங்கள் ஒன்றுக்கொன்று இடிக்கின்றன, கல்லறையில் இருந்தது ஒரு தூதனா இரண்டு பேரா, எத்தனை பெண்கள் போனார்கள் என்று எல்லாவற்றிலும். மாற்கு சுவிசேஷத்தின் மிகப் பழைய பிரதிகள் அந்தப் பெண்கள் பயந்து ஓடிப்போய் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்பதோடு நின்றுவிடுகின்றன. துக்கத்தில் இருப்பவர்களுக்குப் போனவர்கள் உருவம் தெரிவது உண்டு என்று நீ சொல்வாய். எனக்கும் அம்மா சமையலறையில் நிற்பதுபோல இரண்டு தடவை தெரிந்தது. ஆனால் அதைக் கண்டு அவள் போய்விட்டாள் என்றுதான் எனக்கு இன்னும் உறுதியாயிற்று, எழுந்துவிட்டாள் என்று தெருவில் போய்ச் சொல்லத் தோன்றவில்லை. அவர்கள் போய்ச் சொன்னார்கள். அதற்காக அடிபட்டார்கள். பொய்யை நம்பியும் சாகிறவர்கள் உண்டு, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் தாங்கள் கண்டதாகச் சொன்னதற்காக அடி வாங்கினார்கள் என்பதை என்னால் எளிதில் தாண்டிப்போக முடியவில்லை.

காலேஜ் டூரில் பரங்கிமலை ஏறினோமே, நினைவிருக்கிறதா? 1547இல் மண்ணுக்குள்ளிருந்து கிடைத்த கல் சிலுவையைச் சுற்றிப் பண்டைப் பாரசீகத்தின் பகலவி எழுத்து இருக்கும், அதை வாசிக்கப்பார்த்து வெகுநேரம் நின்றாய். இயேசுவின் சீடர் தோமா அங்கே வந்தார் என்பது எங்கள் மரபு, அது இருக்கட்டும். யோவான் எழுதியதில் என்னைப் பிடித்து நிறுத்துவது வேறொன்று. ஆணிக்காயத்தில் விரலைவிட்டுப் பார்த்தாலொழிய நம்பமாட்டேன் என்று தோமா சொன்னபிறகு எட்டு நாள் ஆகிறது. அந்த எட்டு நாளும் மற்றவர்கள் அவரை வெளியே போ என்று சொல்லவில்லை, அவரும் நம்பாமலேயே அவர்களோடு இருந்தார். அதே வீட்டில், அதே பூட்டிய கதவுக்குள். எங்கள் ஜனங்கள் பல சமயம் கேள்வி கேட்டவர்களை அப்படி வைத்துக்கொள்ளவில்லை. நீ ஹாஸ்டலில் கேட்ட கேள்விகளுக்கு உனக்குக் கிடைத்த பதில்கள் எனக்கு ஞாபகம் இருக்கின்றன, அதற்காக இன்றும் எனக்கு வருத்தம் உண்டு.

இந்தத் தடவை ஈஸ்டருக்கு விடியற்காலம் நாலு மணிக்கே கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். அம்மா குழிமேட்டில் இன்னும் சிமெண்ட் போடவில்லை, மண்மேடுதான். முந்தின நாள் புல்லைப் பிடுங்கித் தண்ணீர் தெளித்து வைத்திருந்தோம். பனைமரக் காற்றில் மெழுகுவர்த்தி நிற்கவே இல்லை, ஏற்ற ஏற்ற அணைந்தது, கடைசியில் பக்கத்துக் குழிமேட்டுப் பையன் ஒருவன் தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து மறைத்துக்கொடுத்தான். பாட்டு ஆரம்பித்தபோது எனக்கு அம்மா முகம் வரவில்லை, அவள் வலது கைதான் வந்தது. சின்ன வயசில் கருப்பட்டி காய்ச்சும்போது பாகு தெறித்து மணிக்கட்டிலிருந்து கட்டைவிரல் வரைக்கும் வெந்துபோன தழும்பு, நீயும் பார்த்திருக்கிறாய், அந்தக் கையால் உனக்கும் எத்தனையோ நாள் சோறு போட்டிருக்கிறாள். எனக்கு அவள் நினைவு போதவில்லை, சரசு. அந்தக் கை வேண்டும். இயேசு எழுந்து வந்தபோது காயத்தோடு வந்தார், கையை நீட்டிப் பாருங்கள் என்று காட்டினார். அப்படியென்றால் உடம்பில் பட்ட எதையும் கடவுள் வேண்டாம் என்று தூக்கி எறிவதில்லை என்றுதான் நான் அந்த மண்மேட்டின் பக்கத்தில் நின்று நம்பினேன். இப்போதும் நம்புகிறேன். நீ உருவகம் என்று சொன்னபோது எனக்கு வலித்தது இதனால்தான்.

உன்னை மாற்றவேண்டும் என்று எழுதவில்லை என்று சொன்னால் பொய்யாகிவிடும். நீயும் இதை நம்பவேண்டும் என்று எனக்கு ஆசைதான், தினமும் உன் பெயரைச் சொல்லி ஜெபிக்கிறேன். ஆனால் நம்பினாலும் இல்லாவிட்டாலும் நீ எனக்குச் சரசுதான். அந்த 15ஆம் அதிகாரத்தையும் யோவான் கடைசி இரண்டு அதிகாரங்களையும் ஒருதரம் படித்துவிட்டு, எங்கே இடிக்கிறதோ அங்கெல்லாம் பென்சிலால் கோடு போட்டு வை. தயவு தாட்சண்யம் பார்க்காதே.

பதநீர் நன்றாக இறங்குகிறது. கருப்பட்டி இரண்டு கிலோ எடுத்து வைத்திருக்கிறேன், பெரியவன் மதுரை வரும்போது கொடுத்தனுப்புகிறேன். மே மாதம் லீவில் நீயே வந்தாலும் சரி. அம்மா அறையில் படுத்துக்கொள்ளலாம், அதற்குள் ஒரு கட்டில் வாங்கிப் போட்டுவிடுவேன்.

என்றும் அன்புடன்,
உன் கிரேஸ்