விகிதம் குறைந்தது, மொத்தம் குறையவில்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பொருளாதாரம் வளரும் வேகத்தில் எரிசக்தி நுகர்வு வளர்வதில்லை என்றும், ஆகவே வளர்ச்சியால் சுற்றுச்சூழலுக்குக் கேடு வரும் என்ற அச்சம் பழங்கதையாகிவிட்டது என்றும் தங்கள் நாளிதழில் அண்மையில் வந்த கட்டுரை வாதிட்டிருந்தது. முதற்கூற்று உண்மைதான். அதிலிருந்து இரண்டாவது எப்படிப் பெறப்படுகிறது என்பதே எனக்கு விளங்கவில்லை.

1973-ஆம் ஆண்டின் எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு தொழில்வள நாடுகள் எரிபொருளைச் சிக்கனமாகக் கையாளக் கற்றுக்கொண்டன. ஓர் அலகு உற்பத்திக்குச் செலவாகும் எரிசக்தி உலக அளவிலும் குறைந்துகொண்டே வந்திருக்கிறது. ஆனால் வளிமண்டலத்தில் போய்ச் சேர்வது விகிதமன்று, மொத்த அளவு. உற்பத்தி ஆண்டுக்கு 3 விழுக்காடு கூடி, அலகுக்கான எரிசக்தி 2 விழுக்காடு குறைந்தால், மொத்த நுகர்வு ஏறத்தாழ 1 விழுக்காடு உயரவே செய்யும். உலகம் நடந்துவந்த பாதையும் ஏறக்குறைய இதுதான். புதைபடிவ எரிபொருள்களிலிருந்து வெளியேறும் கார்பன் டை ஆக்சைடு 1990-இல் 2,200 கோடி டன்னைச் சற்றே கடந்திருந்தது. 2023-இல் அது 3,700 கோடி டன்னைத் தாண்டியது.

செல்வம் பெருகினால் நாடுகள் தாமாகவே தூய்மையாகிவிடும் என்ற கருத்தும் அக்கட்டுரையில் இழையோடுகிறது. எரிபொருளில் கலந்திருக்கும் கந்தகம் எரியும்போது வெளியாகும் கந்தக டை ஆக்சைடைப் பொறுத்தவரை பல நாடுகளில் அப்படி நடந்தது உண்மையே. அதற்குக் காரணங்கள் இருந்தன: அந்த மாசு தன் ஊரார் நுரையீரலையே தாக்கியது, புகைபோக்கியில் அதைப் பிடித்து நிறுத்தும் கருவி கிடைத்தது, அக்கருவியைப் பொருத்தச் சட்டம் கட்டாயப்படுத்தியது. கார்பன் டை ஆக்சைடோ எரிபொருளில் கலந்துவந்த அழுக்கன்று; கரிமம் (கார்பன்) எரிவதன் விளைபொருளே அதுதான். அதைப் பிடித்துப் புதைப்பது செலவுமிக்க வேலை. பாதிப்பும் வெளியேற்றியவர் வாசலில் நிற்பதில்லை. கடல் கடந்து, தலைமுறை கடந்து போகிறது. ஆகவே கந்தகத்தில் கண்ட வெற்றியைக் கரிமத்துக்கும் நீட்டிப்பது அவசரம் என்பது என் கருத்து.

வளர்ச்சியையும் மாசையும் பிரிக்கவே முடியாது என்று நான் சொல்லவரவில்லை. 1990-க்குப் பிறகு பிரிட்டனின் பொருளாதாரம் வளர்ந்தபோதே அதன் எல்லைக்குள் வெளியாகும் பசுங்குடில் வாயுக்கள் ஏறத்தாழப் பாதியாகின. அங்கிருந்த கடைசி நிலக்கரி மின்நிலையம் 2024 செப்டம்பர் 30 அன்று மூடப்பட்டது. எனினும் வெளிநாட்டில் உற்பத்தியாகி பிரிட்டனில் நுகரப்படும் பொருள்களையும் கணக்கில் சேர்த்தால் அந்த இறக்கம் அவ்வளவு செங்குத்தாக இல்லை. மேலும் அந்த மாற்றத்தைக் கொண்டுவந்தவை எரிவாயுவும் காற்றாலையும், அவற்றுக்கு வழிவிட்ட அரசின் முடிவுகளுமே. வளர்ச்சி அதைத் தானாகச் செய்துவிடவில்லை. (நிலக்கரி நிலையத்தில் எரிபொருளின் வெப்பத்தில் ஏறக்குறைய மூன்றில் இரு பங்கு வீணாவதால், காற்றாலைக்கு மாறும் நாட்டின் எரிசக்திக் கணக்கு, எவரும் ஒரு விளக்கைக்கூட அணைக்காமலே குறைந்து காட்டும் என்பதையும் நினைவில் கொள்ளவேண்டும்.)

உலகில் இன்னும் 65 கோடிக்கும் மேற்பட்டோர் மின்சாரமின்றி வாழ்கின்றனர். அவர்களது நுகர்வு உயர்ந்தே தீரவேண்டும். அதற்கு இடம் விடவேண்டியவர்கள் ஏற்கெனவே மிகுதியாக நுகர்வோர். விகிதத்தை மட்டும் காட்டும் கட்டுரையில் இந்தக் கேள்விக்கு இடமே இல்லாமற் போகிறது. எனவே இப்பொருள் குறித்து இனி வெளியிடும் கட்டுரைகளில், அலகு உற்பத்திக்கான எரிசக்தி, மொத்த வெளியேற்றம், இறக்குமதிகளையும் சேர்த்த வெளியேற்றம் ஆகிய மூன்று எண்களையும் அருகருகே தரவேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகர்