எங்கள் வார்டுக்கு உறுப்பினர் யார்?

ஆசிரியருக்கு வணக்கம்.

காரைக்காலைப் பற்றி நீங்கள் போட்ட பக்கத்தை வீட்டில் எல்லோரும் படித்தோம். திருநள்ளாறு, அம்மையார் கோவில் மாங்கனித் திருவிழா, கடற்கரை எல்லாம் வந்திருந்தது, சந்தோஷம். ஆனால் தேர்ந்தெடுத்த உள்ளாட்சி என்று ஒன்று இல்லாமல் நாங்கள் வருஷக்கணக்காக இருப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே, அதனால்தான் எழுதுகிறேன்.

புதுச்சேரி யூனியன் பிரதேசத்தைச் சேர்ந்த எங்கள் மாவட்டம் மொத்தமே சுமார் 160 சதுர கிலோமீட்டர். கிழக்கே கடல், மற்ற மூன்று பக்கமும் தமிழ்நாடு. அரசலாறு, நாட்டாறு, திருமலைராஜனாறு, நண்டலாறு என்று எல்லாம் கடலுக்குப் போகிற கடைமடை இது. மேட்டூரில் திறக்கிற தண்ணீர் எங்களுக்குக் கடைசியாகத்தான் வரும், ஐப்பசி மழையிலோ மேலே உள்ள ஊர்களின் வெள்ளமும் சேர்ந்து எங்கள் வழியாகத்தான் வடியும். தலைநகரமான புதுச்சேரி 130 கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது. சீர்காழி, சிதம்பரம், கடலூர் என்று தமிழ்நாட்டைக் கடந்துதான் போய்ச் சேர வேண்டும். இப்படி ஒரு இடத்துக்கு உள்ளூரிலேயே பொறுப்பான ஆள் வேண்டாமா?

ஏற்பாடெல்லாம் இருக்கிறது. காரைக்கால் நகராட்சி, அப்புறம் கோட்டுச்சேரி, நெடுங்காடு, திருநள்ளாறு, நிரவி, திருமலைராயன்பட்டினம் என்று ஐந்து கொம்யூன் பஞ்சாயத்துகள். உள்ளாட்சிப் பகுதிக்குப் பிரெஞ்சுக்காரர்கள் 1880-இல் கொண்டுவந்த கொம்யூன் என்ற பேர்கூட இன்னும் மாறவில்லை. ஆபீஸ் உண்டு, ஆணையர் உண்டு, வரி ரசீது உண்டு. நாம் தேர்ந்தெடுத்தவர்கள்தான் இல்லை. 1968-க்குப் பிறகு 38 வருஷம் கழித்து 2006-இல் உள்ளாட்சித் தேர்தல் நடந்தது, அந்தப் பதவிக்காலம் 2011-இல் முடிந்தது, அவ்வளவுதான். 2018-இல் உச்ச நீதிமன்றம் தேர்தலை நடத்தச் சொன்னது. 2021-இல் தேதிகூட அறிவித்தார்கள், இடஒதுக்கீட்டுச் சிக்கலில் அதுவும் நின்றுவிட்டது. எல்லைக்கு அந்தப் பக்கம் தமிழ்நாட்டிலும் தாமதம் உண்டுதான், ஆனாலும் அங்கே 2011-இலும் 2019 கடைசியிலும் ஊராட்சிகளுக்கு ஓட்டுப் போட்டார்கள். இங்கே 2006-க்குப் பிறகு 18 வயதானவர்கள் வார்டு உறுப்பினருக்கு ஓட்டே போட்டதில்லை. என் மகள் எம்.எல்.ஏ., எம்.பி. இரண்டு பேருக்கும் ஓட்டுப் போட்டுவிட்டாள், "வார்டு மெம்பர்னா என்னப்பா வேலை?" என்று கேட்கிறாள்.

என்ன வேலை என்று எனக்குத் தெரியும், பார்த்திருக்கிறேன். அந்த ஐந்து வருஷம் எங்கள் உறுப்பினராக இருந்தவர் பக்கத்துத் தெரு அக்கா ஒருவர். பெரிதாகப் படித்தவர் இல்லை. மழை பிடிப்பதற்கு முன்பே புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மதகடியில் வந்து நிற்பார், வடிகாலில் மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கை ஆட்கள் வேரோடு பிடுங்கிக் கரையில் போடுகிறவரை நகர மாட்டார். எந்த வீட்டுக் கொல்லைக்கு முதலில் தண்ணீர் வரும் என்பது அவருக்கு அத்துப்படி.

போன மழையில் அதே வடிகால் அடைத்து, தண்ணீர் எங்கள் வாசற்படி வரைக்கும் வந்துவிட்டது. மனுவோடு ஒரு அலுவலகம் போனேன், இது எங்கள் எல்லையில் வராது என்று இன்னொன்றுக்கு அனுப்பினார்கள், அங்கேயும் அதே பதில். அந்த ஊழியர்களைக் குறை சொல்லி என்ன ஆகப் போகிறது, அவர்கள் இன்றைக்கு இங்கே, நாளைக்கு வேறு ஊர். எம்.எல்.ஏ.க்கள் மாவட்டத்துக்கே ஐந்து பேர்தான், தெரு வடிகாலை எல்லாம் அவர்களால் பார்க்க முடியுமா?

வார்டு ஒதுக்கீட்டுக் கணக்கை முடித்து அரசு தேர்தல் தேதியைச் சொல்ல வேண்டும், நாங்கள் கேட்பது அது ஒன்றுதான். உங்கள் நிருபர் ஒருவரை ஐப்பசிக்கு முன்னால் ஒரு தடவை அனுப்பி வையுங்கள், அந்த மதகடிக்கு நானே கூட்டிப்போய்க் காட்டுகிறேன்.

இப்படிக்கு,
உங்கள் நீண்டநாள் வாசகர்,
காரைக்கால் மாவட்டம்